தொங்கல் பாயின் சாய்ந்த நகரம்

நான்கடி மதில்சுவருக்கு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பெயிண்ட் அடித்த மனிதர் இந்த உலகத்திலேயே தொங்கல் பாய் ஒருவர்தான். அவருக்கு முன்னும் யாரும் இல்லை, பின்னும் யாரும் இல்லை.

கயிற்றின் மறுமுனையை வேப்பமரத்தில் கட்டுவார். மரம் இல்லாவிட்டால் நிற்கிற உப்பு லாரியில் கட்டுவார். மூன்று முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவார். ஒருநாள் லாரி கிளம்பிவிட்டது. பாய் பெயிண்ட் டப்பாவோடு பின்னாலேயே ஓடினார். டிரைவர் இறங்கி வந்து, "ஏம்பா, தரையில நிக்கிறவனுக்கு எதுக்குப்பா கயிறு?" என்றார்.

"தரையில மறந்தா மேலயும் மறந்துடும்," என்றார் பாய், முடிச்சை அவிழ்த்தபடி.

மரக்காணத்தில் உப்பு மூட்டைகளின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். பிறகு எட்டு வருஷம் துபாயில், உயரக் கட்டடங்களின் வெளிச்சுவரில் பலகையில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தார். 2005இல் சொந்த ஊரான கூனிமேட்டுக்குத் திரும்பி வந்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் என் டீக்கடைச் சுவரில் துபாயை வரைந்து தரச் சொன்னேன். பளபளக்கும் கண்ணாடிக் கட்டடங்கள், நீல வானம், மூலையில் ஒரு விமானம். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"கூலி வேணாம்ண்ணே. அழிக்காம வெச்சிருந்தா போதும்," என்றார். தலையாட்டினேன்.

நான்கு நாள் தொங்கி வரைந்தார். வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. கட்டடங்கள் எல்லாம் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று விழப் பார்த்தன. ஜன்னல்கள் தூக்கம் கெட்ட கண்களைப் போல மஞ்சளாக விழித்தன. மூன்றாவது கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. அதன் முனையில் ஆள் இல்லை.

"ஏன் பாய் எல்லாம் சாஞ்சிருக்குது?"

"காத்து அடிச்சா நாம ஆடற மாதிரி தெரியாதுண்ணே. பில்டிங்தான் ஆடும்."

உப்பு லாரிக்காரர்கள் விடவில்லை. "டீய சீக்கிரம் குடுப்பா, மேல விழறதுக்குள்ள கிளம்பிடறேன்" என்றார் ஒருவர். "பில்டிங்கு தண்ணி போட்டிருக்குதா?" என்றார் இன்னொருவர். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காரில் குடும்பத்தோடு வந்தவர்கள் சுவரைப் பார்த்ததும் குழந்தைகளை இழுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

எனக்கு யாரிடமும் முகத்துக்கு நேராக எதையும் சொல்ல வராது. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மா தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, பெஞ்சின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தேன். வானம் பாதி வெளுத்திருக்கும். பின்னால் குரல் கேட்டது.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. ஆடாதீங்க."

பாய்தான். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சைக்கிளிலிருந்து கயிற்றை எடுத்து வந்து, ஒரு முனையைக் கடையின் உத்திரத்தில் கட்டினார். மறுமுனையை என் இடுப்பில் கட்டினார். மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

"இப்ப அடிங்க," என்றார்.

எனக்குக் கை வரவில்லை. சுவரில் தொங்கிய அந்தக் கயிற்றைக் காட்டி, "இது யாரோடது பாய்?" என்றேன்.

"செல்வம்னு ஒருத்தன். உப்பளத்துப் பையன். நான்தான் வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன்." என் இடுப்பு முடிச்சை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். "முடிச்சு சரியா இருக்குதான்னு கேட்டான். நான் டப்பாவைக் கலக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பார்க்காமயே இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

நான் கீழே இறங்கினேன். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிச் சாலையோரம் கொட்டினேன்.

அடுத்த வருஷம் பாய் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார். பாதி வெள்ளை, பாதி சிவப்பு வானத்தோடு படம் இன்னும் இருக்கிறது. கார்கள் இன்னும் எதிர்க்கடையில்தான் நிற்கின்றன. கயிற்றை அவர் உத்திரத்திலேயே விட்டுப் போனார்.

பல்பு மாற்ற நான் ஏறுவது இரண்டடி ஸ்டூல். அதற்கும் அந்தக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். லாரிக்காரர்கள் சிரிக்கிறார்கள். மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.