கல்யாண வீட்டில் நான் பாடிய புளூஸ்

ஒரு பெண் மேடையேறி, தன் புருஷன் தன்னை விட்டுப் போய்விட்டான் என்று பாடினால், சபை இசையைக் கவனிக்காது. புருஷனைத்தான் தேடும். அந்தப் புருஷன் அவளுக்குப் பக்கத்திலேயே கிற்றார் வாசித்துக்கொண்டு நின்றால் தேடுகிற வேலையும் மிச்சம்.

இத்தாலியின் பலெர்மோவில் தமிழர் வீட்டுக் கல்யாணமா, பிள்ளைகள் மாதா கோயிலில் எடுக்கும் முதல் நன்மையா, பிறந்தநாளா, எங்கள் இசைக்குழுதான். பாட்டு நான். கிற்றார் என் கணவர் ரெஜி. கீபோர்ட் பாலன் அண்ணை. (சும்மா கீபோர்ட் இல்லை. ஒரு பொத்தானை அமத்தினால் தவில் வரும், இன்னொன்றை அமத்தினால் கைதட்டல் வரும். சனம் தட்டாத நாட்களிலும் எங்களுக்குக் கைதட்டலுக்குக் குறை இருந்ததில்லை.)

கிழமை நாட்களில் நான் கால்சா பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்கிறேன். எழுபதைத் தாண்டியவர். ராக் இசை என்றால் உயிர். ஒருநாள் நான் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது புதிதாக வாங்கிய இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். உலகம் முழுக்கப் பேர்பெற்ற ஒரு ஆங்கிலக் குழுவினுடையது.

"கேள் மத்தில்தே," என்றார். (நான் மெற்றில்டா. திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன்.) "இவர்கள் பொடியன்களாக இருந்தபோது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் பாட்டுகளைக் கேட்டுத்தான் வாசிக்கப் பழகினார்கள். பிறகு பெரிய மைதானம், வெளிச்சம், புகை, ஆரவாரம். இப்போது கிழவர்களான பிறகு ஒரே அறைக்குள் கூடி நின்று, அந்தப் பழைய பாட்டுகளையே சில நாட்களுக்குள் வாசித்து முடித்திருக்கிறார்கள். பூச்சு இல்லை. பிசகின இடத்தைக்கூடத் திருத்தவில்லை."

கேட்டேன். பேரப்பிள்ளை கண்ட மனிதர் மௌத் ஓர்கனை ஊதியபடி, அடுப்பு ஊதுகிற மூச்சில் பாடுகிறார். ஒருத்தி விட்டுப் போய்விட்டாளாம். அந்த வரியை ஒருமுறை சொல்லுகிறார், விளங்காதவர்களுக்காக இன்னொருமுறை சொல்லுகிறார், மூன்றாவது வரியில் அழுகிறார். கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் குழுவுக்கும் ஒரு வேர் இருந்தது. மாதா கோயிலில் ஒரு கிற்றாரும் என் குரலுமாகத்தான் தொடங்கியிருந்தோம். பொத்தான் தவிலிலிருந்து திரும்பிப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று, பலெர்மோ இசை உலகின் சார்பில், நான் முடிவெடுத்தேன்.

"அப்ப நான் என்ன செய்யிறது தங்கச்சி?" என்று கேட்டார் பாலன் அண்ணை.

"நீங்கள் மௌத் ஓர்கன் ஊதுங்கோ அண்ணை."

"எனக்கு ஊதத் தெரியாதே."

"பிசகினாலும் பறவாயில்லை. அவையளும் திருத்தேல்லையாம்."

ரெஜி மட்டும் மெதுவாகக் கேட்டார். "கல்யாண வீட்டில இந்தப் பாட்டு சரிவருமோ மெற்றி?"

"நல்ல இசை எங்கையும் சரிவரும்," என்றேன். எனக்குச் சந்தேகம் என்பது அந்தக் காலத்தில் வருவதே இல்லை.

ஜோசபின் அக்காவின் மகளின் கல்யாணம். பிரான்காச்சோ பகுதியில் ஒரு மண்டபம், மதியச் சாப்பாடு. சிஞ்ஞோராவையும் அழைத்திருந்தேன். ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கோடை முழுவதும் ரெஜிக்கு வேறு ஊரில் ஒரு ஹொட்டேலில் வேலை. அந்தக் கிழமைதான் திரும்பியிருந்தார். ஞாயிறு பூசைக்கு அவரைக் காணவில்லை என்று சனம் ஏற்கெனவே ஒரு மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது. (இப்படியான கதைகள் உரியவளைக் கடைசியாகத்தான் வந்தடையும்.)

கேக் வெட்டி முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, நானே எழுதிய தமிழ் புளூஸைத் தொடங்கினேன்.

"விடியக் கண் முழிச்சன், அவரைக் காணேல்லை..."

மண்டபம் அடங்கியது. கரண்டிச் சத்தம்கூட இல்லை.

"விடியக் கண் முழிச்சன், அவரைக் காணேல்லை..."

முதல் தடவை சந்தேகப்பட்டவர்களும் இரண்டாம் தடவை நம்பிவிட்டார்கள்.

"சப்பாத்தையும் காணேல்லை, சனத்துக்கு என்ன சொல்ல?"

ரெஜி தலையைக் குனிந்து, முகத்தைச் சுளித்து, தந்தியை இழுத்து இழுத்து அழவைத்தார். கிற்றார்காரர் எல்லாரும் அப்படித்தான் முகம் வைப்பார்கள். குற்றம் உறுத்தியபடியால்தான் தலை நிமிரவில்லை என்று பிறகு தீர்ப்பு வந்தது. பாலன் அண்ணை ஊதிய ஊதலோ செத்த வீட்டில் கேட்க வேண்டியது.

மூக்குறிஞ்சுகிற சத்தம் என் காதிலும் விழுந்தது. நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் உருக்கமாக அடுத்த வரிக்குப் போனேன்.

"ஆர் வீட்டுத் தேத்தண்ணி இனிக்குது உனக்கு?"

ஜோசபின் அக்கா மேடையில் ஏறி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். மைக் இரண்டு பேருக்கும் நடுவில். "அழாதை பிள்ளை, நாங்கள் இருக்கிறம்," என்றது மண்டபம் முழுக்கக் கேட்டது. மணமகளின் கண்மை கன்னத்தில் இறங்கியது. என் மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "மம்மா, கே வெர்கோஞ்ஞா!" என்றாள். (என்ன வெட்கக்கேடு என்று அர்த்தம்.) பலெர்மோவில் பிறந்த பிள்ளைக்கு மானம் போனால் இத்தாலியனில்தான் போகும்.

மண்டபத்திலேயே ஒரே ஒரு ஆள் மகிழ்ச்சியாக இருந்தார். சிஞ்ஞோரா. எழும்பி, இடுப்பை ஆட்டி, ரெஜியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, "பிராவோ! பிராவோ!" என்று கத்தினார்.

முன்வரிசையில் ஒரு மனிசி மற்றவரிடம் கேட்டார்: "இவவோ அவ?"

பாதர் வந்து ரெஜியின் தோளில் கை வைத்தார். "திங்கட்கிழமை என்னை வந்து சந்தியும்."

"என்னத்துக்கு பாதர்?"

"அதை நீர்தான் எனக்குச் சொல்லவேணும்."

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரோ ஒரு புண்ணியவாட்டி மன்னாரில் இருக்கும் என் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்து, முழுப் பாட்டையும் நேரடியாகக் காட்டியிருந்தார். அம்மா உடனே பொலோஞ்ஞாவில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் அடித்தார். அண்ணன் அடுத்தநாளே விமானம் ஏறினார். எனக்குச் சொல்லவில்லை. ஆனால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல், ரெஜிக்குப் போன் பண்ணி வந்து ஏற்றச் சொன்னார். அடிக்க வந்தவர், அடி வாங்க வேண்டியவரின் காரிலேயே, சீற் பெல்ற்றும் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

"மச்சான் வழியில ஒரு சொல்லும் கதைக்கேல்லை," என்றார் ரெஜி. "பசிபோல."

அண்ணன் தோள்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "ஆரடி அவள்?"

"எவள்?"

"தேத்தண்ணிக்காரி!"

விளக்கினேன். அண்ணன் நம்பவில்லை. கடைசியில் போனில் அந்த ஆங்கிலக் கிழவர்களின் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"இந்தாளின்ர மனுசி விட்டிட்டுப் போட்டாளோ?"

"இல்லை அண்ணை. அவர் நல்ல சந்தோசமா, வசதியா இருக்கிறாராம்."

"பிறகேன் அழுறார்?"

"அதுதான் அண்ணை புளூஸ்."

அண்ணன் கட்டிய கையை அவிழ்த்தார். பிறகு பையை வைத்துவிட்டு, "சாப்பாடு என்ன?" என்றார்.

அதன் பிறகு கல்யாணங்களுக்கு எங்களைக் கூப்பிடுவது நின்றது. நினைவுப் பூசைகளுக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். பாலன் அண்ணை பொத்தான் தவிலோடு திரும்பி வந்த பிறகுதான் ஊர் எங்களை மன்னித்தது. ஆனால் என் பாட்டு நல்ல பாட்டு. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஒரு மண்டபத்தையே அழவைத்தது வேறு யாருடைய பாட்டு?

அம்மாவுக்கு மட்டும் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. எப்போது வீடியோ கோல் எடுத்தாலும், சுகம் விசாரித்து, மழை வெயில் கேட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்துவார்: "ரெஜி நிக்கிறாரோ? ஒருக்காக் காட்டு."

நான் போனைத் திருப்புவதற்குள் மகள் சிரிக்கத் தொடங்கிவிடுவாள். முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு குளியலறைக் கதவால் தலையை நீட்டி, ரெஜி கத்துவார்:

"நிக்கிறன் மாமி! நிக்கிறன்!"