ஸ்ரெல்லாவும் பொய் பிடிக்கிற மெசினும்

ஸ்ரெல்லாவை லண்டனுக்குப் போக விடுவதில்லை என்று பல் தீட்டும்போது முடிவெடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் வெளியே சொல்லவில்லை. கொப்பளித்த பிறகும் சொல்லவில்லை. கலியாணம் கட்டின நாளிலிருந்து என் முடிவுகள் எல்லாம் இப்படித்தான், வாய்க்குள்ளேயே கரைந்துவிடும்.

நான் மரியரட்ணம். குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவன். ஸ்ரெல்லா என் மனைவி. எங்கள் ஒரே மகள் லவீனா லண்டனில். அவளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, அம்மா வந்து மூன்று மாதம் நிற்கவேண்டும் என்றாள். ஸ்ரெல்லாவுக்கு விசா வந்தது. எனக்கு விசர் வந்தது.

என்னையும் மகள் கூப்பிட்டவள்தான். "கடையை ஆர் பாக்கிறது?" என்று பெரிய மனிசனாகச் சொல்லிவிட்டேன். உண்மை என்னவென்றால், பிளேன் என்றாலே எனக்குப் பயம். கடலில் எஞ்சின் நின்றால் நீந்தலாம். ஆகாயத்தில் நின்றால்? எஞ்சின்களைப் பற்றி எனக்கு அளவுக்கு மிஞ்சித் தெரியும்.

"போகாதை ஸ்ரெல்லா, தனிய இருக்க எனக்கு ஏலாது" என்று சொல்ல எவ்வளவு நேரம் வேணும்? அந்தத் தைரியம் வரவில்லை. அதனால் விஞ்ஞானத்தின் உதவியை நாடினேன்.

போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். எங்கேயோ ஒரு நாட்டில் பரீட்சித்துப் பார்த்த மெசின். திரையில் ஒரு பொலிஸ்காரப் பொம்மை வந்து பயணியைக் கேள்வி கேட்கும். கண்ணையும் உதட்டையும் குரலையும் கவனித்து, பொய்யா மெய்யா என்று சொல்லுமாம். கறிக்குக் கணவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஸ்ரெல்லாவுக்கு அதைக் காட்டினேன்.

"லண்டனிலையும் உது இருக்கோ?"

"எல்லா இடமும் வந்திட்டுது" என்று அடித்துவிட்டேன். "நீ இறங்கின உடனை பிடிச்சுப்போடும்."

"பிடிக்கிறதுக்கு நான் என்ன கஞ்சாவே கொண்டு போறன்?"

"பெட்டிக்குள்ளை என்ன எண்டு கேக்கும். நீ உடுப்பு எண்டுவாய். உள்ளுக்கை பாரைக் கருவாடு கிடக்கும். கண் ஒருக்கால் துடிச்சாலே காணும், அடுத்த பிளேனிலை திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

கத்தி நின்றது. கொழும்புக்கே தனியப் போய் அறியாதவள். பின்னேரம் வந்து மெல்லச் சொன்னாள்: "நான் வரேல்லை எண்டு லவீனாவுக்குச் சொல்லிவிடுவமோ?"

என் நெஞ்சுக்குள் கோயில் மணி அடித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்ல புருசன் என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தது.

"சீ, அப்பிடிச் சொல்லாதை. பழகிப் பாப்பம்."

பழகப் பழக இன்னும் பயப்படுவாள் என்பது என் நினைப்பு. போனை மா வைக்கிற தகரப் பேணியில் சாய்த்துவைத்து, பின்னால் குந்தியிருந்து மூக்கால் கதைத்தேன்.

"அம்மா, பெட்டிக்குள்ளை என்ன?"

"உடுப்பு."

"பீப்! பொய்!"

ஸ்ரெல்லா யோசித்தாள். "உடுப்பும் கருவாடும்."

நான் அடுத்த கேள்வியைத் தேடினேன்.

"ஏன் இப்ப பீப் அடிக்கேல்லை?"

"உண்மைதானே சொன்னனீ."

"அப்ப உண்மையைச் சொன்னா ஒரு பிரச்சினையும் இல்லையோ?"

மெசின் அவசரமாகக் கேள்வியை மாற்றியது.

"அங்கை வேலை செய்யப் போறியளோ?" என்று குரலை உயர்த்தி உறுக்கிப் பார்த்தேன்.

"ஓம். பேரப்பிள்ளையின்ரை துணி தோய்க்கப் போறன். நீர் வந்து தோய்ப்பீரோ?"

இரண்டொரு நாளில் அவள் மெசினையே அதட்டத் தொடங்கினாள். "கெதியாக் கேளும், அடுப்பிலை கறி கிடக்கு!" பிறகு ஒருநாள், "இப்ப நீங்கள் இதிலை இருங்கோ. நான் மெசின்" என்றாள்.

இருந்தேன்.

"ஐயா, மனிசி போனாப் பிறகு சமைச்சுச் சாப்பிடுவியளோ?"

"ஓம்."

"பீப்! மனிசி போறது உங்களுக்குக் கவலையோ?"

என் கண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டாள். குரலில் மெசின் இல்லை.

"இல்லை" என்றேன்.

பீப் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் போனை எடுத்து என் கையில் தந்தாள். பிறகு "ஐயா போகலாம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள். பிடிபட வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் சொன்ன ஒரே பொய் அது.

ஸ்ரெல்லா லண்டனுக்குப் போய்விட்டாள். வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கடையிலிருந்து வந்து, "ஸ்ரெல்லா, ஒரு தேத்தண்ணி" என்று சொல்லி, சொன்ன குரலைக் கேட்டு நானே வெட்கப்படுவேன். பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். தட்டு ஊத்தை ஆகாதபடியால் கழுவவும் வேலை இல்லை. திருத்தி முடித்த எஞ்சின் ஒன்றைத் திரும்பவும் கழற்றினேன். ஞாயிறு பூசையில் பக்கத்து இடத்தில் ஆரோ வந்து இருந்தார்கள். அது ஸ்ரெல்லாவின் இடம், ஆள் வரும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன்.

பேரன் பிறந்த பிறகுதான் ஸ்ரெல்லா ஆறுதலாக வீடியோவில் வந்தாள்.

"மெசின் என்ன கேட்டது?" என்றேன்.

"மெசினும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! கண்ணாடிக்குப் பின்னாலை ஒரு பெடியன் இருந்தவன். எவ்வளவு காலம் நிப்பியள் எண்டான். சொன்னன். கருவாட்டைப் பற்றி நானாச் சொல்ல வெளிக்கிட, சிரிச்சுப்போட்டுப் போகச் சொன்னான். நீங்கள் பழக்கியிராட்டி நான் கட்டுநாயக்கா எயாப்போட்டோடையே திரும்பியிருப்பன்."

அதற்குத்தானே பாடுபட்டேன் என்று தொண்டைவரை வந்தது. கொட்டாவியாக மாற்றினேன்.

"இஞ்சருங்கோ, தனிய இருக்கிறது கஷ்டமோ?"

இந்தமுறை சொல்லிவிடுவோம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"சீச்சீ! எனக்கென்ன, நிம்மதியாய் இருக்கிறன்."

"உண்மையாவோ?"

"என்ரை முகத்தைப் பார்."

பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

"அப்ப நல்லதாப் போச்சு. லவீனா இன்னும் மூண்டு மாதம் நிக்கச் சொன்னவள், உங்களைக் கேட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."