இரண்டு கரண்டி பலம்

மெக்கானிக் தன் மனைவியைக் கட்டிலிலிருந்து அரையடி தூக்கியிருப்பார். வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. அவளை அப்படியே மெத்தையில் இறக்கிவிட்டுக் கழிவறைக்கு ஓடினார்.

"என்னங்க, பாதியில போட்டுட்டுப் போறீங்க? நான் என்ன வெங்காய மூட்டையா?"

அதற்குள் அவர் கழிவறைக் கதவைச் சாத்தியாயிற்று.

முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஊராரையெல்லாம் மாடிக்கு ஏற்றி இறக்கிய மனிதர். வீட்டில் ஒருத்தியைச் சக்கர நாற்காலிக்கு ஏற்றத் துப்பில்லை. இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதமாக அவள் கால் தரையில் படவில்லை. பட இவர் விட்டதுமில்லை. மறுபடி விழுந்தால் அவ்வளவுதான் என்ற பயம். தூக்கித் தூக்கி இவர் முதுகுதான் வளைந்தது.

போன வாரம் மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை வர்றேன். என் கண்ணு முன்னாடி நீங்க அம்மாவத் தூக்கி உக்கார வைக்கணும். முடியலைன்னா முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"அப்ப நானும் கூடப் போறேன்."

"அது பொம்பளைங்களுக்கு மட்டும்ப்பா."

அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நேரே ஜிம்முக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பெரிய டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கி வந்தார். டப்பாவின் மேல் படமாக நின்றவனுக்குக் கழுத்தே இல்லை.

பாலில் ஒரு கரண்டி கலக்கிக் குடித்தார். இரண்டே நாளில் வயிறு பானையாக உப்பியது. கடைக்காரனிடம் போனார்.

"உடம்பு இன்னும் பழகல சார். ரெண்டு கரண்டியா ஏத்துங்க."

ஏற்றினார். உப்பல் போய்ப் பேதி வந்தது. இப்போது ஓடிய ஓட்டம் அந்த இரண்டாவது கரண்டியின் கைங்கரியம்தான்.

பேதிக்கு மாத்திரை போட்டார். ஒரேயடியாக நின்றது. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட லிஃப்ட் போல, மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. பவுடரை மட்டும் விடவில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் கழிவறையே கதியென்று கிடந்தார்.

"உள்ள என்னதான் பண்றீங்க?"

"பேப்பர் படிக்கிறேன்."

"பேப்பர் இங்கதான கெடக்கு!"

"இது நேத்து பேப்பர்."

"சரி சரி, அவசரமில்ல. நிதானமா வாங்க."

அவளுக்கு மூச்சு வாங்கியது. பாவம், பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மகள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் வயிற்றை இளக்க ஒரு மருந்து வாங்கினார். பாட்டிலில் ஒரு மூடி குடிக்கச் சொல்லியிருந்தது. தன் வயிற்றின் பிடிவாதம் தெரிந்தவர் என்பதால் மூன்று மூடி குடித்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது அவர் எங்கே இருந்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே எழுந்தார். வயிறு பிடித்து உட்கார வைத்தது. மணி மறுபடி அடித்தது. மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு மணி ஓய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கழிவறைக் கதவையே யாரோ தட்டினார்கள்.

"அப்பா, உள்ளயா இருக்கீங்க?"

எல்லாம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. கையில் வாளியைப் பிடித்தபடி அழுதார்.

"ஒரு பத்து நிமிஷம் குடும்மா. வந்து தூக்கிக் காட்டிடறேன். அந்தப் பேப்பர்ல மட்டும் கையெழுத்துப் போட்டுடாத. அவ இல்லாம என்னால இருக்க முடியாதும்மா."

வெளியே மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"நிதானமாவே வாங்கப்பா. எனக்குக் கதவத் தெறந்து விட்டதே அம்மாதான். நீங்க உள்ள போற நேரமாப் பாத்து, செவுத்தப் புடிச்சு நடந்து பழகிட்டாங்களாம்."