தானாக விழுந்த பெயிண்ட்

என் பெயரில் கண்காட்சிக்குப் போன ஒரே படத்தை நான் வரையவில்லை. முன்பு வெட்கப்பட்டேன், இப்போது பெருமைதான்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் குமாஸ்தா, மனசுக்குள் மேதை. வாசகசாலையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், தரையில் துணி விரித்துப் பெயிண்டை ஊற்றியே படம் செய்கிறவரின் போட்டோவைப் பார்த்தேன். (வரையத் தெரிய வேண்டாம் என்றதும் எனக்குக் கலைமேல் பக்தி பொங்கிவிட்டது.) ஆரியசாலைக் கடைவீதியில் எனாமல் பெயிண்ட் வாங்கிவந்து துணியில் ஊற்றினேன். கறுப்பாகத் தேங்கி நின்றது.

என் மனைவி செண்பகம் நாகர்கோவில்காரி. எட்டிப் பார்த்தாள்.

"என்ன செய்யுதிய?"

"அது தானா விழுந்து படமாகணும். உனக்குப் புரியாது."

"தானா விட்டா இப்பிடித்தான் தேங்கிக் கெடக்கும். இஞ்ச தாங்க."

பெயிண்டில் டர்பன்டைன் கலந்து இளக்கினாள். கல்யாண வீட்டில் மாக்கோலம் போடுவதுபோல, கந்தல் துணியை அதில் முக்கி உள்ளங்கையில் பிழிந்து, விரல் வழியாக வேறொரு துணிமேல் ஒழுகவிட்டாள். கை விரைந்தால் கோடு மெலிந்தது, தயங்கினால் தடித்தது. தப்பி விழுந்த சொட்டையும் அடுத்த கோட்டில் சேர்த்துக்கொண்டாள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். பிறகு மூலையில் என் பெயரை எழுதி, 'தானாக விழுந்த பெயிண்ட்' என்று தலைப்பும் வைத்துக் கண்காட்சிக்குக் கொடுத்தேன்.

பரிசுக்கு நடுவர் ஒரு மலையாளிப் பேராசிரியர். படத்தையே சுற்றிச்சுற்றி வந்தவர், நிறைந்த சபையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஸாரே, ஒண்ணு வரச்சு காணிக்காமோ?"

முன்வரிசையில் என் மேலதிகாரி. வரைந்து காட்ட மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பெயிண்டும் துணியும் கொண்டுவந்து வைத்தார்கள். துணியை முக்கிப் பிழிந்தேன். பெயிண்ட் முழுக்கப் பேராசிரியரின் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

அவர் குனிந்து பார்த்தார். "இதும் தானா விழுந்ததோ?"

பெண்கள் வரிசையில் செண்பகம் தலையைக் குனிந்திருந்தாள். என் மானம் போனது போகட்டும், அவள் படமும் பொய்யென்று ஆகிவிடுமே என்று பதறினேன்.

"ஸார், நான் வரையலை. அதோ, என் சம்சாரம்."

அவள் வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். துணியை முக்கிப் பிழிந்து கோடுகளை ஒழுகவிட்டாள்.

"சொட்டு அது இஷ்டத்துக்குத்தான் விழும்," என்றாள் பேராசிரியரிடம். "அது விழுந்த பெறவு கை எங்க போணும்னு நமக்குத் தெரியணும்லா."

பரிசு அவளுக்கே. அன்று நான் தட்டிய கைதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினேன். படம் இன்றும் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் பிள்ளைகள் மறக்காமல் சொல்வார்கள்:

"படம் அம்மை வரைஞ்சது. மூலையில அந்த அடிச்ச கோடு மட்டும் அப்பா வரைஞ்சது."