ராசியான குழி

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு விளையாட்டு என்றால் உயிர். அதனால்தான் உட்கார்ந்திருந்தன.

அந்தக் காட்டுக்கு வேங்கைமலை என்று பேர். வேங்கை ஒன்றும் கிடையாது, பேர் மட்டும்தான். அங்கே பாழடைந்த காவல் கொட்டகை ஒன்றில் யாரோ விட்டுப்போன டிவி இருந்தது. கூரைமேல் சோலார் பலகையும் இருந்தது. குரங்குகள் எதையோ திருகி, எதையோ முறுக்கி, அதை ஓட வைத்துவிட்டன. அன்றோடு அந்தக் காட்டில் ஓடுவது அது ஒன்றுதான் என்று ஆகிப்போனது. முயல் ஓடவில்லை. குரங்கு தாவவில்லை. எல்லாம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கபடி பார்த்தன.

வேங்கைமலைக்கு என்று ஒரு கபடி அணி இருந்தது. அதில் தலைவன் ஒரு கங்காரு. எந்த தேசத்துப் பிராணியோ, யார் கண்டது. பாலைவனத்திலிருந்து வந்த காட்டுக்கழுதை ஒன்று, பனிமலையிலிருந்து வந்த ஓநாய் இரண்டு. வேங்கைமலையில் பிறந்து வளர்ந்தது என்று பார்த்தால் ஒரு கீரி மட்டும் இருந்தது. அது தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தது.

"நம்ம காட்டுப் பிள்ளைங்க யாருமே இல்லையே, இது எப்படி நம்ம அணி?" என்று ஒருமுறை காட்டெருமை கருத்தப்பாண்டி வாய்தவறிக் கேட்டுவிட்டது.

ரசிகர் மன்றத் தலைவர் கரடி பால்சாமிக்கு வந்ததே கோபம்! "சட்டையைப் பாருய்யா! சட்டை என்ன கலரு? நம்ம கலரு. அப்புறம் என்ன?"

கருத்தப்பாண்டிக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அதற்குமேல் யோசிக்க அது பழகவும் இல்லை.

அன்றைக்கு அரையிறுதி. எதிரணி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து முள்ளிக்காடு. காட்டுக் கபடி உச்சிவேளையில் தொடங்கினால் பொழுது சாயத்தான் முடியும். காலையிலேயே பால்சாமி கரடி முருகன் கோயில் பாறைக்குப் போய்த் தேனபிஷேகம் வேண்டிக்கொண்டு வந்தது. முள்ளிக்காட்டுக்காரர்களும் ஆற்றைத் தாண்டி அதே பாறைக்கு வந்து அதே முருகனிடம்தான் வேண்டிக்கொண்டு போனார்கள். அவர் பாவம், எந்தப் பக்கம் திரும்புவார்? பிள்ளைக்கு நோய் என்றால் வருகிறவர்கள், மழை இல்லை என்றால் வருகிறவர்கள் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, யார் கோட்டைத் தொடுவது என்ற வழக்கையா விசாரித்துக்கொண்டிருப்பார்?

ஆட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் வேங்கைமலைக்கு அடிமேல் அடி. எதிரணிக் கோட்டுக்குள் கபடி பாடிப்போன கழுதையைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். அந்த நேரம் பால்சாமி முதுகு அரிக்கிறதே என்று இடது காலைத் தூக்கிச் சொறிந்தது. உடனே கங்காரு பாய்ந்துபோய் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தது. புள்ளி!

"யாரும் அசையக் கூடாது!" என்று கத்தியது கரடி. "இப்ப யார் யார் எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. அசைஞ்சா ராசி போயிரும்!"

அப்படியே இருந்தன. கரடி இடது காலைத் தூக்கியபடி. கருத்தப்பாண்டி வாய் நிறையப் புல்லை வைத்துக்கொண்டு, மெல்லாமல், விழுங்காமல். அணில் தலைகீழாக. மயில் மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றது. போன வருஷம் அது பார்த்த ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள். அதிலிருந்து அதை யாரும் திரும்ப விடவில்லை. ஒரு ஆட்டமும் பார்க்காமலே அது மன்றத்துச் செயலாளராக இருந்தது.

அந்த நேரத்தில்தான் தங்கபுஷ்பம் என்ற மான் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"பால்சாமியண்ணே! என் பிள்ளை வேலுக்குட்டி ஆத்தோரத்து யானைக்குழியில விழுந்துட்டான்! மேல மலையில மழை. குழிக்குள்ள தண்ணி ஏறுதுண்ணே. நாலு பேரு கொடியைப் பிடிச்சு இழுத்தா வந்துருவான். ஓடி வாங்க!"

யாரும் திரும்பவில்லை.

"எப்படி விழுந்தான்?" என்று கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் கேட்டது கரடி.

"கபடி விளையாடிக்கிட்டு இருந்தான். மூச்சுப் பிடிச்சு ஓடினவன் குழியைப் பாக்கலை."

"இதுக்குத்தான் சொல்றது. இன்னைக்குப் போய் யாராவது விளையாடுவாங்களா? இன்னைக்கு மேட்ச் இல்ல?"

"அண்ணே, தண்ணி வயித்து மட்டத்துக்கு வந்துருச்சு!"

"இடைவேளை வரட்டும் தாயி."

இடைவேளை வந்தது. டிவியில் ஒரு ஒட்டகம் வந்து குளிர்பானம் குடித்துக் காட்டியது. அதையும் அசையாமல் பார்த்தன.

"இப்பவாவது வாங்களேன்!"

"இடைவேளையில அசைஞ்சா மட்டும் ராசி சும்மா இருக்குமா?" என்றது கரடி. காலைக் கீழே போடவே இல்லை.

தங்கபுஷ்பம் கருத்தப்பாண்டியின் முகத்தைப் பார்த்தது. அதற்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது போலத்தான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர்கூட நின்றது. ஆனால் வாயில் புல் இருந்ததே, என்ன சொல்லும்?

மறுபடி ஆட்டம் தொடங்கியது. ஓநாய் பாடிப்போனது. அந்த நேரம் பார்த்து, கூப்பிடு தூரத்தில் இருந்த குழியிலிருந்து வேலுக்குட்டி "அம்மா!" என்று அலறினான். ஓநாய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்து சேர்ந்தது.

தங்கபுஷ்பத்துக்கு ஒரு யோசனை உதித்தது. இவர்களிடம் அழுது பிரயோசனமில்லை, இவர்கள் பாஷையில்தான் பேச வேண்டும் என்று அதற்குத் தோன்றிவிட்டது.

"பாத்தீங்களாண்ணே? என் பிள்ளை கத்தினான், ரெண்டு புள்ளி வந்துச்சு. அம்புட்டு ராசிக்காரன்! அவனைத் தூக்கி விடுங்க. டிவி முன்னாடியே வந்து நின்னு கத்துவான்."

முதல் தடவையாகக் கரடி திரும்பிப் பார்த்தது. எல்லா மிருகங்களும் பார்த்தன. மயிலைத் தவிர.

"அடடா," என்றது கரடி. "ராசி அங்க இருக்கா! எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. அந்தப் பிள்ளையை யாரும் குழியை விட்டுத் தூக்கக் கூடாது!"

"அண்ணே!"

"குழிக்குள்ள இருந்து கத்தினதுக்குத்தான தாயி புள்ளி வந்துச்சு? மேல வந்து கத்தினா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? அரையிறுதியில போய்ப் பரிசோதனை பண்ணச் சொல்றியா?" என்ற கரடி முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது. "நீ போய்க் குழி ஓரத்துல நில்லு. நம்மாளு பாடிப்போறப்ப நான் சைகை காட்டுறேன். ஒரு முள்ளை உள்ள உதிர்த்து விடு. லேசா குத்தினா நல்லா கத்துவான்."

முள்ளம்பன்றி பெருமையாகப் புறப்பட்டுப் போனது. இத்தனை நாளில் அணிக்காக அதற்கு ஒரு வேலை கிடைத்ததே!

தங்கபுஷ்பம் பின்னாலேயே ஓடியது. குழிக்குள் தண்ணீர் வேலுக்குட்டியின் கழுத்துக்கு வந்திருந்தது. "முருகா, வள்ளியைப் பெத்தது எங்க இனம்தானே. உன் மாமியா வீட்டுப் பிள்ளையை மறந்துட்டியா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆற்றில் குதித்தது. நீந்தி அக்கரை ஏறியது.

முள்ளிக்காட்டிலும் ஒரு டிவி, ஒரு மன்றம். அவர்கள் காட்டுக் குரங்கு மட்டும் சளைத்ததா? அங்கே தலைவர் சங்கிலி என்ற காட்டுப்பன்றி. தோற்றுக்கொண்டிருந்த வயிற்றெரிச்சலில் உறுமிக்கொண்டிருந்தது.

"யார் இது, வேங்கைமலைக்காரியா? வேடிக்கை பாக்க வந்தியா?"

தங்கபுஷ்பம் இந்தமுறை, பிள்ளை சாகப்போகிறான் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று இக்கரையிலேயே பார்த்தாயிற்று.

"நீங்க ஏன் தோக்குறீங்கன்னு சொல்ல வந்தேன்," என்றது. "எங்க காட்டுக் குழியில ஒரு மான்குட்டி கிடக்கான். அவன் உள்ள கிடந்து கத்துறப்ப எல்லாம் எங்களுக்குப் புள்ளி. அவனை மட்டும் யாராவது வெளிய தூக்கிட்டா..."

முடிக்க விடவில்லை. முள்ளிக்காடே எழுந்து ஆற்றில் விழுந்தது. பன்றி, செந்நாய், மரநாய், நடக்கவே சோம்பல்படும் கிழட்டு ஆமைகூட. குழி ஓரத்தில் நின்ற முள்ளம்பன்றியை உருட்டித் தள்ளினார்கள். கொடியை அறுத்தார்கள், குழியில் விட்டார்கள், ஒரே மூச்சில் இழுத்தார்கள். ஒருத்தர்கூட வேலுக்குட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. "வெளிய வந்தாச்சா? நாலு காலும் வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டவர்களை அந்தப் பக்கத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அப்படி ஒரு வன்மம்.

குட்டியின் நாலாவது கால் தரையில் படவும், டிவியில் கங்காரு கால் இடறி விழவும் சரியாக இருந்தது. முள்ளிக்காட்டு அணி அதன்மேல் மொத்தமாகப் படுத்துக்கொண்டது. வேங்கைமலை ஒரு புள்ளியில் தோற்றது.

பால்சாமி தூக்கிய காலைக் கீழே வைக்கப் பார்த்தது. மரத்துப்போயிருந்தது. தொப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே தங்கபுஷ்பத்தைப் பார்த்துக் கத்தியது. "துரோகி! புல்லு போட்ட காட்டுக்கே துரோகம் பண்ணிட்டியே! அந்தக் கங்காரு மனசு என்ன பாடுபடும்னு நெனச்சுப் பாத்தியா?"

டிவியில் கங்காரு எதிரணித் தலைவனைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இருவரும் சட்டையைக் கழற்றி மாற்றிக்கொண்டார்கள். சட்டைக்காகத்தான் இத்தனை பாடு என்பதால் கரடி அதைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கருத்தப்பாண்டி புல்லை விழுங்கிவிட்டு அப்போதுதான் வாயைத் திறந்தது. "பிள்ளை பிழைச்சிருச்சே..."

"நீ மென்னுருப்ப. அதான் தோத்தோம்," என்றது அணில்.

தங்கபுஷ்பத்தைக் காட்டைவிட்டே துரத்தினார்கள். தாயும் பிள்ளையும் அக்கரைக்குப் போனார்கள். அங்கே என்ன வரவேற்பு! குட்டிக்கு மாலை, அணியின் கலரில் ஒரு தொப்பி, தினமும் இளம்புல். "ராசாக்குட்டி வாடா, என் பக்கத்துல உக்காருடா" என்று சங்கிலி தூக்கி மடியில் வைத்துக்கொண்டது. வேலுக்குட்டி முன்பெல்லாம் நாள் முழுக்கத் துள்ளுவான், மூச்சுப் பிடித்து ஓடுவான். இப்போது அதெல்லாம் விட்டுவிட்டான். உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டான். தங்கபுஷ்பமோ தப்பாக நினைக்கவில்லை. நல்ல இடம், நல்ல ஜனங்கள், முருகன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று தினமும் கும்பிட்டது.

இறுதிப் போட்டி நாள் வந்தது. காலையில் மண் வெட்டும் சத்தம் கேட்டுத் தங்கபுஷ்பம் எழுந்துபோய்ப் பார்த்தது. சங்கிலியும் அதன் ஆட்களும் மூஞ்சியால் ஒரு பெரிய குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குண்ணே குழி?"

சங்கிலி மண்ணைத் துப்பிவிட்டு மிக மரியாதையாகச் சொன்னது. "தாயி, உனக்குத் தெரியாததா? பிள்ளையைக் குழியிலருந்து வெளிய எடுத்த நேரந்தான நமக்கு ஜெயம் வந்துச்சு?"

"ஆமா..."

"வெளிய எடுக்கணும்னா முதல்ல உள்ள இருக்கணும்ல? குழி ஆயிருச்சு. கழுத்து மட்டத்துக்குத் தண்ணி மட்டும் விடணும். கடைசி நேரத்துல கட்டாயம் எடுத்துருவோம். புள்ளி நிலவரத்தைப் பொறுத்து."

தங்கபுஷ்பம் குழியின் முன்னால் நான்கு காலையும் ஊன்றி நின்றது. சாது மிருகம்தான். ஆனால் அன்றைக்கு அதன் கண்ணைப் பார்த்துப் பன்றியே ஒரு அடி பின்வாங்கியது.

"என்னை மிதிச்சுத்தான் என் பிள்ளைகிட்டப் போகணும். அவன் உசுரு என்ன உங்களுக்கு விளையாட்டா?"

சிலர் தலையைக்கூடக் குனிந்துகொண்டார்கள். ஒரு செந்நாய், "அந்தம்மா சொல்றதும் நியாயந்தானப்பா" என்று முணுமுணுத்தது.

அப்போது மானின் முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தது. குழிக்குள், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேலுக்குட்டி நின்றான்.

"டேய்! நீயா குதிச்ச? ஏறுடா மேல!"

"போம்மா, காரியத்தைக் கெடுக்காத. போன தடவை நாம இப்படித்தான ஜெயிச்சோம்?"

"நாமளா?" என்றது தாய். "நாம எங்கடா ஜெயிச்சோம்? நாம முங்கிச் சாகக் கிடந்தோம்டா."

அவன் காதில் வாங்கவில்லை. "சங்கிலி மாமா, தண்ணி விடுங்க! இன்னும் கொஞ்சம் சேத்து விடுங்க, அப்பத்தான் ராசி கூடும்!"

டிவியில் விசில் ஊதினார்கள். எல்லா மிருகங்களும் உட்கார்ந்தன. தங்கபுஷ்பம் மட்டும் ஒரு கொடியை வாயில் கவ்விக்கொண்டு குழிக்கரையில் நின்றது.

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "உக்காரும்மா, மறைக்குது!"

நீதி: ஆட்டம் நடக்கிற நாளில் குழியில் விழாதே. விழுந்தே தீர வேண்டும் என்றால், நீ கிடப்பது யாருக்கு ராசி, ஏறுவது யாருக்கு ராசி என்று விசாரித்துவிட்டு விழு. பெற்றவளிடம் மட்டும் கேட்காதே, அவளுக்கு விளையாட்டு தெரியாது.