பசுமைப் பிரிவின் ஒரு சட்டை

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், பூமியைக் காப்பாற்றும் பொறுப்பை மனிதகுலத்தின் சார்பில் அண்ணாதுரை ஏற்றுக்கொண்டார். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியின் பின்பக்கக் கொட்டகையில் அந்த மகத்தான பணி நடந்தது. அதற்கான கருவி ஒரு கத்தி.

கொட்டகைக்கு முன்பு 'கழிவுக் கிடங்கு' என்று பெயர். சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்த மறுநாள் அது 'பசுமைப் பிரிவு' ஆயிற்று. அருப்புக்கோட்டையிலிருந்து பிழைக்க வந்த அண்ணாதுரை அதன் அதிகாரியானார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதால் பூமியின் மீது அவருக்கு அக்கறை சற்று அதிகமாகவே இருந்தது.

தொழிலின் இலக்கணம் எளிமையானது. கடல் கடந்த நாட்டில் ஒரு மேதை, வரும் கோடையில் உலகம் கத்தரிப்பூ நிறத்தில் உடுத்தும் என்று முடிவு செய்வார். கம்பெனி இரவு பகலாகத் தைக்கும். உலகம் உடுத்தாது. மிஞ்சியதை மலிவாக விற்றால் பிராண்டின் கௌரவம் போய்விடும். சும்மா கொடுத்தாலோ அதன் உயிரே போய்விடும். ஆகவே, 'எந்த மனிதரும் அணிய முடியாதவாறு' புதுச் சட்டைகளை நெஞ்சிலும் முதுகிலும் கிழித்து, சிப்காட் பட்டறைகளில் எண்ணெய் துடைக்க அனுப்பிவிடுவார்கள். இதற்கு 'மறுசுழற்சி' என்று பெயர்.

கம்பெனி வேலியை ஒட்டி ருக்மணியின் தக்காளித் தோட்டம் இருந்தது. அந்த வருஷம் காய்ப்பு அமோகம். திருஷ்டி பொம்மைக்குப் போட ஒரு கிழிசல் கேட்டு அவள் வேலியோரம் வந்தாள். அண்ணாதுரை தம் கைவரிசையை எடுத்துக் காட்டினார். நெஞ்சு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகத் தொங்கிய அந்தப் பொருளைப் பார்த்த ருக்மணி, இதைப் போட்டால் பொம்மைக்கே திருஷ்டி பட்டுவிடும் என்றாள். அண்ணாதுரைக்கு வெட்கமாகிவிட்டது. விதியை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். மனிதர் அணியக் கூடாது என்றுதான் இருந்தது; பொம்மை மனிதரல்ல. கிழிக்காத சட்டை ஒன்று வேலியைத் தாண்டிப் போயிற்று.

அடுத்த வாரம் பிராண்டின் பெங்களூர் அலுவலகத்திலிருந்து பிரவீனா மேடம் 'நீடித்த நிலைத்தன்மை' பற்றி ஆய்வு செய்ய வந்தார். காரை விட்டு இறங்கியவர், தக்காளித் தோட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். உடனே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

பொம்மை காலர் பொத்தானைக்கூடச் சரியாகப் போட்டிருந்தது என்று மேடம் கவலையோடு தெரிவித்தார். வைக்கோல் உடம்புதானே, பரவாயில்லை என்று மேனேஜர் மோகன்குமார் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க ஸ்வல்ப யோசனை பண்ணுங்க சார்," என்றார் மேடம். "எங்க ஷோரூம் பொம்மையைவிட அதுக்கு நல்லா ஃபிட் ஆயிருக்கு. கஸ்டமர் பாத்தா என்ன நெனப்பாங்க?"

பொம்மையின் சட்டையைக் கழற்றிக்கொண்டு வரும் பொறுப்பு பசுமைப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. வெறுங்கையோடு திரும்பினால் வேலை நிரந்தரமாகாது என்பதை மோகன்குமார் மிகுந்த கனிவோடு எடுத்துச் சொன்னார்.

ருக்மணி பொம்மைக்கு முன்னால் நின்றுகொண்டு வழிவிட மறுத்தாள். காய்ப்பு முடியட்டும், துவைத்தே தருகிறேன் என்றாள். அண்ணாதுரை தம் குடும்ப நிலவரத்தைச் சொன்னார். அவள் தக்காளியின் நிலவரத்தைச் சொன்னாள்.

"பொம்மைய மொட்டையா நிக்க வெச்சா ஊரு கண்ணெல்லாம் காய் மேலதான் வுழும் சார்," என்றாள் கடைசியில். "இத்த எடுத்துக்கினு போறதுன்னா, இன்னொண்ணு மாட்டிட்டுப் போங்க."

கம்பெனியில் அன்று கிழிப்பதற்காகக் காத்திருந்த சட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஆனால் மேடம் இருக்கும்போது அங்கிருந்து ஒன்றை எடுத்துவர முடியுமா? அண்ணாதுரை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தாம் போட்டிருந்த சட்டையைக் கழற்றிப் பொம்மைக்கு மாட்டினார். கையை நுழைப்பதற்கு ருக்மணியும் கூட நின்று உதவினாள்.

பனியனோடு திரும்பியவரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை; எல்லார் கண்ணும் அவர் கையிலிருந்த சட்டை மீதுதான் இருந்தது. அது மேஜையில் விரிக்கப்பட்டு, அதிகாரிகள் முன்னிலையில், அவர் கையாலேயே கிழிக்கப்பட்டது. அந்தக் கோடைக்குத் தைத்த சட்டைகளில் வெயிலில் நின்று உழைத்தது அது ஒன்றுதான். கத்தி நெஞ்சில் இறங்கியபோது அண்ணாதுரை தம் பனியனை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேடம் கைதட்டினார். வேலையும் நிரந்தரமாயிற்று.

சாயங்காலம் கேன்டீனில் விழா. 'உடையற்ற ஏழைக்கு உடை' என்ற திட்டத்தை மேடம் தொடங்கி வைத்தார். தொழிலாளர்கள் தங்கள் வீட்டிலுள்ள பழைய துணிகளைக் கொண்டுவந்து ஒரு பெரிய பெட்டியில் போட வேண்டும். தையல் பிரிவுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அண்ணாதுரை பனியனை மறைப்பதற்காகத் தூண் ஓரமாக ஒதுங்கி நின்றார். ஓசூர் பஸ்ஸில் இந்தக் கோலத்தில் எப்படிப் போவது என்பதுதான் அவர் கவலை.

வரிசையிலிருந்து பொற்கொடி என்ற டெய்லர் அவரிடம் வந்தாள். பெட்டியில் போட வைத்திருந்ததை அவரிடமே நீட்டினாள்.

"எங்க வூட்டுக்காரரோடது சார். காலர் நஞ்சுபோச்சுன்னு நான்தான் திருப்பித் தெச்சேன். போட்டுக்கோங்க, வெளிய குளுருது."

அவர் மறுக்கவில்லை. போட்டுக்கொண்டார். சட்டை அளவாக இருந்தது. யாரோ படம் எடுத்தார்கள்.

திட்டம் தொடங்கிய அன்றே உடையற்ற ஏழை ஒருவர் பயனடைந்ததாக, கம்பெனியின் சுற்றுச்சூழல் அறிக்கை அந்தப் படத்தோடு பெருமையாகச் சொல்கிறது. அவர் கம்பெனியின் சொந்த அதிகாரிதான் என்பதையும், அவரை உடையற்றவராக்கியது யார் என்பதையும் தன்னடக்கம் காரணமாக அது குறிப்பிடவில்லை.