தலைகீழ் தம்பதி

ரசத்தைக் கெடுப்பது எப்படி என்று வீரபாகுவுக்குத் தெரியவில்லை.

புளியைக் கூட்டினார். ருசி கூடியது. மிளகை அள்ளிப் போட்டார். கேமராக்காரர் எச்சில் விழுங்கினார்.

"கட்! சார், நீங்க அடுப்பங்கரைப் பக்கமே வராத ஆம்பளை. கொஞ்சம் தடுமாறுங்க சார்," என்றார் டைரக்டர் எழிலரசன்.

நிகழ்ச்சியின் பெயர் 'தலைகீழ் தம்பதி'. ஒரு நாள் மட்டும் கணவன் வேலையை மனைவியும், மனைவி வேலையைக் கணவனும் செய்ய வேண்டும். மாலையில் கணவன் கண்ணீர் விட்டு, "இனிமே உன்னை மதிப்பேன்" என்பான். அத்துடன் சமூகம் திருந்திவிடும், விளம்பரம் வரும்.

ஆரணியிலிருந்து இதற்கு மனுப் போட்டவர் வீரபாகுவேதான். முறுக்கிய மீசை, ஜரிகைத் துண்டு, எந்த மேடை கிடைத்தாலும் "பரம்பரை பரம்பரையா தறி புடிச்ச கை" என்று தூக்கிக் காட்டும் வலது கை. நெசவாளர் சங்கத் தலைவர் தேர்தல் நெருங்கியிருந்தது. டிவியில் முகம் வந்தால் நாற்காலி நிச்சயம் என்று கணக்குப் போட்டார்.

அந்தக் கை தறியில் பட்டால் பாவு இழை அறுந்துவிடும் என்பது அவருக்கும் மனைவி ஸ்வர்ணலதாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். கல்யாணமான புதிதிலேயே அவரைத் தறிக்குழியிலிருந்து எழுப்பிவிட்டு அவள் இறங்கிக்கொண்டாள். அன்று முதல், கண்ணு படும் என்று வாசல் கதவைச் சாத்திக்கொண்டு அவள் நெய்வாள். அவர் பின்கட்டில் தாளிப்பார். சாயங்காலம் புடவையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய், "நான் நெய்தது" என்பார்.

தலைகீழாய் இருப்பதைத் தலைகீழாக்கினால் நேராகிவிடும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

முன்னறையில் தொகுப்பாளினி மைக்கை நீட்டினாள். "மேடம், வாழ்க்கையிலேயே முதல் தடவையா தறியில உட்கார்றீங்க. பயமா இருக்கா?"

"ரொம்ப பயமா கீதுங்க," என்றாள் ஸ்வர்ணலதா. முகம் பயந்தது. கால் பயப்படவில்லை, அது பாட்டுக்கு மிதிகட்டையை மிதித்தது. ஊடை இழையோடு நாடா இடமும் வலமும் பறந்தது.

வீரபாகு கரண்டியோடு ஓடி வந்து அவள் காதைக் கடித்தார். "ஏய் லதா, ரெண்டு இழையை அறுடி! மானம் போவுது!"

"கல்யாணப் பொடவைங்க இது. நீங்க வேணா ரசத்தைக் கெடுங்க. என் பொடவைய நான் கெடுக்க மாட்டேன்."

"ரசம் கெட மாட்டேங்குதுடி!"

தொகுப்பாளினியின் புருவம் உயர்ந்தது. "எப்படி சார் இவ்ளோ வேகமா நெய்யறாங்க?"

வீரபாகு மீசையைத் தடவினார். "எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்!"

"அப்போ குருவே ஒரு தடவை உட்கார்ந்து காட்டட்டுமே!"

ஸ்வர்ணலதா இரண்டு கைகளையும் விரித்துப் பாவு இழைகளை மறைத்துக்கொண்டாள். வீரபாகுவுக்கு வேர்த்தது. சட்டென்று வலது கையை உதறினார். "அய்யோ! அடுப்புல சுட்டுக்கிச்சுங்க!"

எழிலரசனின் முகம் மலர்ந்தது. "அடுப்பில் வெந்த ஆண்மகன்! அருமை! கொப்புளத்துக்கு ஒரு க்ளோஸப்!"

கொப்புளம் இல்லை. "பார்த்தா மயக்கம் வரும்" என்று சொல்லி, ஜரிகைத் துண்டைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு அவர் அடுப்பைப் பார்த்துக் கலங்குவதாகக் காட்சி மாற்றப்பட்டது.

"ரசம் நல்லா தளதளன்னு கொதிக்கட்டும். ஆவி பறந்தாதான் ஃபீலிங் வரும்," என்றார் எழிலரசன். உதவியாளர் அடுப்பை முழுதாய்த் திருகினார்.

வீரபாகு பல்லைக் கடித்தார். கண்ணை மூடினார். நுரை பொங்கும் சத்தம் கேட்டது. மீசை துடித்தது.

"யோவ்! ரசத்தைக் கொதிக்க வுடுவாங்களாய்யா? நுரை கட்டினதும் எறக்கணும்! கொத்தமல்லி எறக்கினப்புறம்!" என்று பாய்ந்து, வெந்ததாகச் சொன்ன கையாலேயே பாத்திரத்தைத் தூக்கி இறக்கி, நெய்யில் கடுகு பொரித்துக் கொட்டி, தட்டு போட்டு மூடினார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முன்னறையில் தறியும்தான்.

"போச்சு," என்று அங்கேயே உட்கார்ந்தார். "சங்கமும் போச்சு."

எழிலரசன் துள்ளினார். "சார், பிரமாதம்! ஒரே நாள்ல சமையல் கத்துக்கிட்ட புருஷன், ஒரே நாள்ல நெசவு கத்துக்கிட்ட பொண்டாட்டி! இதான் சார் எங்க ஷோவோட பவர்! அந்தக் கண்ணீர் மட்டும் எடுத்துடலாம்."

கண்ணில் கிளிசரினோடு வீரபாகு இரண்டு டேக்கிலும் சொன்னார்: "இனிமே உன்னை மதிப்பேன்."

"மொதல் தடவையைவிட ரெண்டாவது தடவை நல்லா மதிச்சாருங்க," என்றாள் ஸ்வர்ணலதா.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஊரே பார்த்தது. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேர்தலில் வீரபாகுவுக்கு அமோக வெற்றி. மாலையும் கழுத்துமாய் மேடையேறினார். மீசை முன்னைவிட ஒரு சுற்று கூடுதலாய் முறுக்கியிருந்தது.

"பரம்பரை பரம்பரையா தறி புடிச்ச கை..." என்று வலது கையைத் தூக்கினார்.

சங்கச் செயலாளர் ராமதாஸ் அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டு, அவர் காதோடு சொன்னார்:

"தறிக் கதைய வுடுங்கண்ணே, நீங்க கடைத்தெருவுல நிக்கும்போதே உங்க வூட்டுத் தறி ஓடிகினு கீறது ஊருக்கே கேக்குது, அடுத்த மாசம் சங்கத்துக்குப் பொன்விழா, ஊர்ச் சாப்பாடு, சமையல் உங்க கைதான், உங்களுக்கு ஓட்டுப் போட்டதே அந்த ரசத்துக்குத்தான்!"